பின்னால் நிற்பவனுக்கு எத்தனையாவது இடம்?

மகனே,

நீ சுவீடனில் போய் இறங்கியதும் போன் எடுத்தாய். "சித்தப்பா, வந்து சேர்ந்திட்டன்" என்றாய். உடனே சித்தியிடம் கொடுக்கச் சொன்னாய். இவ்வளவு பெரிய பயணத்துக்கு இவ்வளவு சின்னக் கதையா? அங்கே கடல் உறையுமா, உறைந்தால் மீன்கள் எங்கே போகும், கோடையில் சூரியன் மறையாதென்றால் சனம் எதை வைத்து இரவென்று கண்டு சாப்பிடுகிறது என்றெல்லாம் கேட்க வைத்திருந்தேன். நீ ஒன்றையும் கேட்கவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சுவிஸில் எங்கள் ஷ்லீரன் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு அரைப் பக்கத்தில் ஒரு வாழ்த்து எழுதித் தரச் சொன்னார்கள். அரைப் பக்கம் எழுதினால் மிச்சம் என் வயிற்றுக்குள் நின்று வீங்கும் என்று சொல்லி, உனக்கான இந்தக் கடிதத்தையே கொடுக்கிறேன். ஊர் உலகம் எல்லாம் படிக்கட்டும். நான் மறைத்து எழுதுகிற ஆள் இல்லை.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். இவன் என் அண்ணையின் மகன். எங்கள் முறைப்படி அண்ணையின் மகன் எனக்கும் மகன்தான். பேர்ணில் பெற்றோருடன் இருந்தவன், மின்சார வேலை பழக என்று சூரிச் பக்கம் வந்து, ஷ்லீரனில் எங்கள் வீட்டிலேயே தங்கி வளர்ந்து மனிதனானான். பெற்றது அண்ணை, கதைக்கப் பழக்கியது நான். பழகினானா என்பது வேறு விஷயம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதற்கு மேல் இவனுக்குச் சொல்லிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று வாத்தியார்மார் கூட்டம் கூடி முடிவெடுத்ததாகக் கேள்வி. அது எப்படியோ, சம்பந்தம் பேசுகிற வேலை வந்தபோது அண்ணை என்னிடம்தான் வந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாள் முழுக்க அவியும் மனுசன். போனைக் காதில் வைத்தால் "ஓம், ஓம்" என்பதைத் தவிர ஒன்றும் வராது. "எனக்கு உந்தக் கதை வராது, நீயே கதை" என்றார். நான் கதைத்தேன்.

உன் மாமனாரைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது இரண்டு விஷயம். சுவீடனில் ஒரு சின்னப் பட்டினத்தில் பஸ் ஓட்டுகிறார். ஐஸ் ஹொக்கி என்றால் உயிரை விடுவார். முதல் போனிலேயே, பெடியன் என்ன படித்தவன் என்று கேட்பதற்கு முன்னால், "நீங்கள் அங்கை ஹொக்கி பாக்கிறனீங்களோ?" என்று கேட்டார். பார்க்கிறதோ! சூரிச் ஐஸ் மண்டபத்தில் சனி ஞாயிறுகளில் துப்புரவு வேலை எனக்கு. ஆட்டம் முடிந்த பிறகு அந்த இருக்கைகளுக்கு இடையில் நான் கூட்டாத இடம் கிடையாது. ஆகவே, "அண்ணை, அந்த மண்டபம் என்ரை கையிலைதான் இருக்கு" என்றேன். விளக்குமாறும் கைக்குள்தானே இருக்கிறது. "சுவீடன்காரர் வந்தா என்னோடைதான் கதைப்பினம்" என்றேன். ஒருவன் கழிப்பறை எங்கே என்று என்னிடம் கேட்டது உண்மை. அடுத்த போனில், எங்கள் பெடியன் ஐஸ் சறுக்குச் சப்பாத்துப் போட்டால் காற்று மாதிரி என்றேன். காற்று மாதிரி என்றுதான் சொன்னேன், எந்தப் பக்கம் அடிக்கும் காற்று என்று சொல்லவில்லை.

நீ சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் போனை வைத்ததும், "சித்தப்பா, நான் ஒருக்காத்தான் ஐஸிலை ஏறினனான். விழுந்து மணிக்கட்டு வீங்கினது" என்றாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. ஏனென்றால் அதற்குள் நீயும் அவர் மகள் வாசுகியும் போன் கார்ட் போன் கார்டாகச் சுரண்டிக் கதைக்கத் தொடங்கியிருந்தீர்கள். என்னோடு நாலு சொல் கதைக்காதவன், அந்தப் பிள்ளையோடு ஒரு கார்ட் முடியும்வரை சிரித்துக்கொண்டு நின்றாய். இந்தச் சம்பந்தம் தவறினால் நீ வாய் திறந்து அழமாட்டாய், அப்படியே வற்றிப்போவாய் என்று சித்தி சொன்னாள். "இஞ்சாருங்கோ, கொஞ்சம் குறைச்சு அளவுங்கோ" என்றும் சொன்னாள். நான் குறைத்துத்தான் அளந்தேன். உனக்குத் தெரியும், முழுதாக அளந்தால் எப்படி இருக்கும் என்று.

போன வைகாசியில் உலகப் போட்டி சூரிச்சுக்கு வந்தது. உன் மாமனாரும் வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த மனுசன் எந்த நாளில் வரவேண்டும் என்பதை ஆட்ட அட்டவணை பார்த்துத் தீர்மானித்ததை நான் மரியாதையாகவே நினைக்கிறேன். முதல் பேர்ணுக்குப் போய் அண்ணை அண்ணியைப் பார்த்துவிட்டு, இறுதிப் போட்டிக்கு ஷ்லீரனுக்கு வந்தார். கோட்டைக் கழற்றினால் உள்ளே சுவீடன் அணியின், மூன்று கிரீடம் போட்ட மஞ்சள் சட்டை. அரையிறுதியில் சுவிஸ் அணியைத் தோற்கடித்ததே அந்தச் சட்டைதான். மேல்வீட்டுச் சுவிஸ்காரர் படியில் அவரைக் கண்டுவிட்டு எனக்கு வணக்கம் சொல்லவில்லை. இன்றுவரை பாதி வணக்கம்தான்.

மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போவேன், ரிக்கற் என் பொக்கற்றுக்குள் இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேன். பொக்கற்றில் இருந்தது பஸ் ரிக்கற். மண்டபத்தில் சனநெரிசல், உன் மாமனாரின் முழங்காலுக்குக் கூடாது, ரீவியில் முகம் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்றேன். மனுசன் தன் முழங்காலைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். "முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். நீ உடனே, "அங்கிள், ரிக்கற் விக்கத் தொடங்கின அண்டைக்கே முடிஞ்சுது. சித்தப்பா விடியவெள்ளன போய் வரிசையிலை நிண்டு பாத்தவர்" என்றாய். நான் போய் நின்றது உண்மைதான், மகனே. எனக்கே மறந்துபோயிருந்தது. அதை ஏன் நானே சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். வரிசையில் நின்று கிடைக்காமல் வருகிறவன் சின்ன மனுசன் என்று எனக்கு ஓர் எண்ணம் போலிருக்கிறது.

இறுதிப் போட்டி பின்லாந்தோடு இரண்டு ஆட்டம். முதலாவதில் சுவீடன் ஒரே ஒரு கோல் போட்டு வென்றது. அதைப் பார்த்து முடித்த உற்சாகத்தில்தான் உன் மாமனார் அந்தக் கேள்வியைக் கேட்டார். "தம்பி, சொல்லுங்கோ பாப்பம். சுவீடன் ஆட்டக்காரரிலை எல்லாக் காலத்துக்கும் முதலாவது ஆள் ஆர்? ரெண்டாவது ஆர்? மூண்டாவது ஆர்?"

இந்தக் கேள்வியை அவர் எல்லாரிடமும் கேட்பாராம். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம்கூடக் கேட்பாராம். ஆளைத் தெரிந்துகொள்ள அவருக்கு அதுதான் சாதகம். நான் ஆயத்தமாக இருந்தேன். அவர்களின் பெயர்களை இங்கே எழுதமாட்டேன். சுவீடன் எழுத்துக்குத் தலையில் புள்ளியும் வளையமும் இருக்கிறது; நான் தமிழில் எழுதினால் பெயருக்குச் சொந்தக்காரனே தன்னை அடையாளம் காணமாட்டான். எங்கள் ஊர் வழக்கப்படி பட்டம் வைத்தே சொல்லுகிறேன். முதலாவது சுழியன் என்றேன். அங்கே பந்தில்லை, ரப்பர் வட்டு; அதை மட்டையில் ஒட்டி வைத்ததுபோல் மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு போய்க் கோல் போடுகிறவன். இரண்டாவது நெடுவல், அமெரிக்காவுக்குப் போய்ப் பேர் வாங்கினவன். மூன்றாவது வாத்தி, தான் அடிக்காமல் மற்றவனுக்குக் கொடுத்து அடிக்கவைப்பவன். நாலாவது வெறுந்தலை, தலைக்கவசம் இல்லாத காலத்தில் விளையாடியவன்.

"வெறுந்தலை நாலாவதோ?" என்று அவர் நிமிர்ந்தார். "அந்தக் காலத்திலை வட்டு மூஞ்சையிலை பட்டா பல்லு ஐஸிலை கிடக்கும். இப்ப உள்ளவை கவசத்துக்குள்ளை இருந்து விளையாடினம். அவரைப்போய்ப் பின்னாலை வைக்கிறியள்."

எனக்கு அது புதினமாக இருந்தது. வேறு வேறு காலத்து ஆட்களை எந்தத் தராசில் வைப்பது? கோலை எண்ணுவதா, பதக்கத்தை எண்ணுவதா, உடைந்த பல்லை எண்ணுவதா? கடல் தாண்டிப் போனவன் பெரியவனா, வந்த அழைப்பை வேண்டாம் என்று சொல்லி ஊரிலேயே நின்றவன் பெரியவனா? யோசித்துப் பார். எண்பதுகளில் இங்கே வந்து இறங்கிய நாங்கள் எல்லாரும் எங்களை வெறுந்தலை என்றுதான் நினைக்கிறோம். பின்னால் வந்தவர்களைப் பார்த்து, உங்களுக்குக் கவசம் இருக்கு என்கிறோம். அவர்களுக்குப் பட்ட அடி எங்களுக்குத் தெரியாது. இதை நான் அப்போதே அவருக்குச் சொன்னேன். மனுசன் முதல்முறையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோடு நான் வாயை மூடியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

நான் சுவரைக் காட்டினேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் ஹொக்கி மட்டை உனக்குத் தெரியாததல்ல. "அண்ணை, நெடுவல் தன்ரை கையாலை எனக்குத் தந்த மட்டை" என்றேன்.

அவர் எழும்பினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் ஏறி மட்டையை இறக்கினார். அடிப்பக்கத்து வளைவைத் தடவிப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது இடக்கைக்காரன்ரை மட்டை. நெடுவல் வலக்கையாலை அடிக்கிறவர்."

"அவர் ரெண்டு கையாலையும் அடிப்பார் அண்ணை. இங்கை வரேக்கை இடக்கை."

சித்தி கட்லெட் தட்டோடு நின்ற இடத்தில் நின்றுவிட்டாள். உன் மாமனார் மட்டையை மேசையில் கிடத்தினார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒரு மட்டைக்கே இவ்வளவு கதையெண்டா, பெடியனைப் பற்றிப் போனிலை சொன்னதிலை நான் எதை எடுக்கிறது, எதை விடுறது?" என்று கேட்டார். "எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. நாளைக்கு ஆட்டம் முடிய நான் வெளிக்கிடவேணும். அதுக்குள்ளை ஓமோ இல்லையோ எண்டு சொல்லவேணும். இப்ப எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

மகனே, அந்த நேரம் என் வாய்க்குள் ஒரு கதையும் வரவில்லை. இப்படி நடந்தது என் வாழ்க்கையில் அபூர்வம். நீதான் வந்தாய். அவருக்குச் சீனி இல்லாத தேத்தண்ணியை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாய். "அங்கிள், சித்தப்பா அந்த மண்டபத்திலை துடைக்கிறவர். ஆட்டம் முடிஞ்சு குப்பைக்குள்ளை கிடந்த மட்டை இது. ஆற்றை மட்டை எண்டு அவருக்கும் தெரியாது. நான் ஐஸிலை காத்தும் இல்லை, ஒண்டும் இல்லை, விழுந்தனான். மின்சார வேலையிலை லேரை, அதுதான் தொழில் பயிற்சி, முடிச்சு வேலை செய்யிறன். அது மட்டும் சரி. சித்தப்பா பொய் சொல்லவேணுமெண்டு சொல்லுறேல்லை. எங்களைப் பற்றிக் கதைக்கேக்கை அவருக்கு நாங்கள் அவ்வளவு பெரிசாத்தான் தெரியுது."

குப்பைக்குள் என்று நீ சொன்னாய். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் என்பதே சரி. மற்றதெல்லாம் நீ சொன்னபடிதான். எனக்கு அப்போது கோபம் வந்தது. நான் கோலடிக்கப் போகிற நேரம் என் ஆளே வட்டைப் பறித்ததுபோல் இருந்தது. உன் மாமனார் தேத்தண்ணியைக் குடித்தார். சீனி இல்லாததைக் கவனித்து, உன்னை ஒருமுறை பார்த்தார். பேர்ணுக்கு நீ கூடப் போனபோது, அண்ணி கொடுத்த சீனி போட்ட தேத்தண்ணியை அவர் பாதியில் வைத்ததை நீ பார்த்திருக்கிறாய் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் இரண்டாவது ஆட்டம். நான் இவ்வளவு காலத்தில் இப்படியோர் ஆட்டம் பார்க்கவில்லை. கோலே இல்லை! பின்லாந்துக்காரர் வருகிறார்கள், மஞ்சள் சட்டைகள் குறுக்கே விழுகிறார்கள், வட்டு மூலைக்குப் போகிறது. திரும்பவும் வருகிறார்கள், திரும்பவும் விழுகிறார்கள். சுழியனையும் காணோம், வாத்தியையும் காணோம். "என்ன அண்ணை, இது ஆட்டமோ, கதவு பூட்டுற வேலையோ?" என்று கேட்டேன். அவர் கையைக் காட்டி என்னை இருத்தினார். கண் வெட்டவில்லை. கடைசி மணி அடித்தபோது பூச்சியத்துக்குப் பூச்சியம். மஞ்சள் சட்டைக்காரர் மட்டைகளை வீசிவிட்டு ஒருவரின் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோல் அடிக்காதவர்கள் எதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறார்கள்?

"ஒரு கோல் முதலாட்டத்திலை கையிலை இருந்தது தம்பி. இண்டைக்கு அதைக் காப்பாத்தினதுதான் வேலை" என்றார் உன் மாமனார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கோப்பைக்காகவா, வேறெதற்காகவா என்று எனக்குத் தெரியாது.

நான் சும்மா இருக்கவேண்டியவன், கேட்டுவிட்டேன். "அப்ப நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. ஆர் முதலாவது?"

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார். "என்ரை கணக்கிலை முதலாவது ஆள் ரீவியிலை இல்லை. அடுப்படியிலை நிக்குது."

நான் சித்தியைச் சொல்லுகிறார் என்று நினைத்துவிட்டேன். "ஓம் அண்ணை, அவளின்ரை கட்லெட் சுவிஸ் முழுக்கப் பிரபலம்" என்றேன். மனுசன் வந்த நாள் தொடக்கம் சிரிக்காதவர், அன்றைக்கு மஞ்சள் சட்டை குலுங்கச் சிரித்தார். "உங்கட பெடியனைச் சொல்லுறன். ரெண்டு நாளும் நீங்கள் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தியள். பெடியன் பின்னுக்கு நிண்டு, வாறதையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தது. உங்களையும் விழவிடேல்லை, என்னையும் ஏமாற விடேல்லை. உப்பிடி ஒருத்தர் பின்னுக்கு நிக்கிறபடியால்தான் நீங்கள் இவ்வளவு தூரம் முன்னுக்கு ஓடுறியள்." பிறகு உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, வாசுகிக்கு நீரே போன் எடுத்துச் சொல்லும், அப்பா ஓமெண்டிட்டார் எண்டு" என்றார். நீ போனை எடுத்தாய், அட்டை முடிந்துபோயிருந்தது. உனக்குப் புதுக் கார்ட் வாங்க மழைக்குள் ஓடியவன் நான்தான். இதை நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். மழை பலமாகப் பெய்தது என்று சொல்லு.

இனி என் புத்திமதி. கலியாணத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த இரண்டாவது ஆட்டம் போலத்தான். வேலைக்குப் போவாய், வருவாய், குளிர் அடிக்கும், கோபம் வரும், யாரோ ஒருவர் குறுக்கே விழுந்து அதை மூலைக்குத் தள்ளவேண்டும். யாரும் கைதட்டமாட்டார்கள். அந்த வேலை உனக்கு நன்றாக வரும். எனக்கு வராது, சித்திதான் இத்தனை வருஷமாக அதைச் செய்கிறாள் என்பதை இந்த மலரில் அவள் வாசிக்கட்டும். ஆனால் ஒன்றை மறக்காதே. முதலாட்டத்தில் ஒரு கோல் விழுந்திராவிட்டால் அந்தப் பூச்சியம் வெறும் பூச்சியம்தான். நீ காப்பவன், ஆனால் காப்பதற்கு ஏதாவது இருக்கவேண்டும். அந்தப் பிள்ளையிடம் வாய் திறந்து சொல்லு. அழகாயிருக்கிறாய் என்று சொல்லு. குளிர் பிடிக்கவில்லை, ஊர் ஞாபகம் வருகிறது, சித்தப்பாவின் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லு. போன் கார்ட்டில் சிரித்த வாய், ஒரே வீட்டுக்குள் வந்ததும் பூட்டிக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பிழையில்லை. அந்தக் கலையில் சந்தேகம் வந்தால் என்னைக் கேள்.

சோலோதுர்னில் மண்டபம் எடுத்துக் கலியாணத்தை நடத்தி, பொம்பிளை வீட்டுப் பக்கம் மாப்பிள்ளை போவது எங்களுக்குப் புதிதில்லை என்று எல்லாருக்கும் நியாயம் சொல்லி, உன்னை விமானம் ஏற்றியும் விட்டேன். என் பட்டியலையும் மாற்றிவிட்டேன். சுழியன் இரண்டாவதுக்கு இறங்கிவிட்டான். முதலாவது இடத்தில் அந்த ஆட்டத்தில் குறுக்கே விழுந்த ஒரு மஞ்சள் சட்டையை வைத்திருக்கிறேன். முகம் ரீவியில் சரியாகத் தெரியவில்லை, அதனால் பட்டப்பெயரும் இன்னும் வைக்கவில்லை. உன் மாமனாரிடம் சொல்லு, இந்த முடிவுக்கு அவருக்கு முன்னாலேயே நான் வந்துவிட்டேன் என்று. அவர் நம்பமாட்டார். பரவாயில்லை.

நேற்று சங்கத்தில் இருந்து இந்தக் கடிதம் வாங்க ஒருவர் வந்தார். முருகனுக்குப் பக்கத்தில் தொங்கும் மட்டையைப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார். உலகக் கிண்ணம் வென்ற இரவு சுவீடன் அணி முழுவதும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தந்தது, துடைக்கும்போது கையெழுத்து அழிந்துவிட்டது என்றேன். அவர் வாயைப் பிளந்தார். நான் சொல்லி முடித்துவிட்டு, பழக்கத்தில் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தேன். என்னைத் திருத்த அங்கே ஆளில்லை.

சத்தம் குறையாத,
உன் சித்தப்பா